பலகை இல்லாத கடை

வேளச்சேரி, முகப்பேர், மேடவாக்கம் என்று சென்னையின் எந்தக் குடியிருப்புப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் உள்தெரு ஒன்றில் இப்படியோர் இடம் இருக்கும். தரைத்தளம் முழுக்க ஒரே கூடம். முகப்புக் கண்ணாடியை உள்பக்கமாக மறைத்திருப்பார்கள். வாசலில் பத்து இருபது வண்டிகள். அவற்றின்மேல் ஒருக்களித்து உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள். உள்ளே சர்க்கரை முதல் சார்ஜர் வரை ஆயிரக்கணக்கான பொருள்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் நேரில் போய் ஒரு கிலோ சர்க்கரை கேட்டால் கிடைக்காது. வாடிக்கையாளர் நுழைய முடியாத கடை அது. தொழிலில் இருப்பவர்கள் ‘டார்க் ஸ்டோர்’ என்கிறார்கள். அங்கே வேலை செய்பவர்களுக்கு வெறும் ‘ஸ்டோர்’.

கைபேசியில் கொத்தமல்லிக் கட்டு கேட்ட பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அது வாசலுக்கு வந்துவிடுவதைப் பார்ப்பவர்கள், கொண்டுவந்தவர் பறந்து வந்திருப்பார் என்றே நினைக்கிறார்கள். நிறுவனங்களின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பிளிங்கிட்டின் தாய் நிறுவனமான எட்டர்னலின் அப்போதைய தலைவர் தீபிந்தர் கோயல் 2026 ஜனவரியில் அதை வெளிப்படையாகவே சொன்னார். ஆர்டர் வந்தபின் பொருள்களை எடுத்துப் பையில் போட இரண்டரை நிமிடம். பிறகு வண்டி போகும் தூரம் சராசரியாக இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்கு ஏறத்தாழ எட்டு நிமிடம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 15 கிலோமீட்டர். சைக்கிளை நன்றாக மிதித்தாலே எட்டிவிடலாம். சாலையில் நடப்பது எப்போதும் இந்தச் சராசரிக்குள் அடங்குவதில்லை. அதைப் பிறகு பார்ப்போம். இப்போதைக்குத் தெரியவேண்டியது, நீங்கள் கேட்பதற்கு மணிக்கணக்கில் முன்பே அந்தக் கொத்தமல்லி உங்கள் பக்கத்துத் தெருவுக்கு வந்து காத்திருக்கிறது என்பதுதான்.

ஸ்டோருக்குள் ஒரு ஆர்டர் எப்படி நகர்கிறது? திரையில் ஆர்டர் விழுந்ததும் ‘பிக்கர்’ என்று அழைக்கப்படும் ஊழியர் ஒருவரின் கையிலுள்ள கருவி ஒலிக்கிறது. எந்த வரிசை, எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று அது வழிகாட்டுகிறது. பொருளை எடுத்ததும் அதன் பட்டைக்கோட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். தவறான பொருளாக இருந்தால் கருவி ஏற்றுக்கொள்ளாது. அடிக்கடி போகும் பால், ரொட்டி, முட்டை ஆகியவை பை கட்டும் மேசைக்கு அருகில் இருக்கும். ஆறு மாதத்தில் இரண்டு தடவை கேட்கப்படும் ஷூ பாலிஷ் கடைசி மூலைக்குப் போய்விடும். அரிசி மூட்டையும் தண்ணீர் கேனும் தரையோடு தரையாக. ஒரே மாதிரி உறை கொண்ட இரண்டு மசாலாப் பொட்டலங்களை அடுத்தடுத்து வைப்பதைத் தவிர்ப்பார்கள். அவசரத்தில் கை மாறிவிடும். சூப்பர் மார்க்கெட்டில் பொருள்களை அடுக்குவதன் நோக்கம், பால் வாங்க வந்தவரைக் கடை முழுக்க நடக்கவைத்து நாலு பொருள் கூடுதலாக வாங்கச் செய்வது. இங்கே நடப்பவர் சம்பளத்துக்கு நடக்கிறார். அவர் எடுக்கும் ஒவ்வொரு அடியும் செலவு.

காய்கறிக்குத் தனி அறை. குளிர்பதனப் பெட்டியில் தயிரும் பனீரும், இன்னொன்றில் ஐஸ்கிரீம். கொத்தமல்லி இங்கே வரும்போதே எடைபோட்டு உறைக்குள் அடங்கி வந்துவிடுகிறது. தொடக்கத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் சதுர அடியில் இயங்கிய இந்த இடங்கள் இப்போது பெருத்துவிட்டன. ஸ்விக்கியின் இன்ஸ்டாமார்ட் பத்தாயிரம் சதுர அடி அளவிலான பெரிய ஸ்டோர்களையும் திறந்திருக்கிறது. மளிகையோடு குக்கர், புத்தகம், கைபேசி எல்லாமே அலமாரி ஏறிவிட்டதால் வந்த பெருக்கம் இது.

ஒவ்வொரு ஸ்டோருக்கும் பின்னால் ஒரு பெரிய கிடங்கு உண்டு, பெரும்பாலும் நகரத்தின் விளிம்பில். பொட்டலப் பொருள்கள் கம்பெனிகளிடமிருந்து நேராக அங்கே வந்து, பிரிக்கப்பட்டு, சிறிய லாரிகளில் ஸ்டோர்களுக்குப் போகின்றன. காய்கறி இரவோடு இரவாக நகர்கிறது. அதிகாலையில் ஸ்டோர் வாசலில் இறங்கினால்தான் காலைச் சமையலுக்கு முன் விற்கலாம்.

எவ்வளவு இறக்குவது என்பதில்தான் இந்தத் தொழிலின் மூளை இருக்கிறது. குறைவாக இறக்கினால் மாலை ஐந்து மணிக்கே ‘இருப்பு இல்லை’ என்று காட்டும்; வாடிக்கையாளர் அடுத்த செயலிக்குத் தாவிவிடுவார். கூடுதலாக இறக்கினால் கீரை வாடிக் குப்பைக்குப் போகும். அதனால் ஒவ்வொரு ஸ்டோருக்கும், ஒவ்வொரு பொருளுக்கும், நாளுக்கு நாள் கணிப்பு போடுகிறார்கள். போன வாரம் இதே கிழமையில் என்ன விற்றது, மழை வருமா, கிரிக்கெட் ஆட்டம் உண்டா, மாதச் சம்பளம் வந்த வாரமா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் தமிழ்நாட்டில் கடை வைத்தால் இன்னும் சில சங்கதிகள் தெரிந்திருக்க வேண்டும். அமாவாசைக்கு வாழைக்காயும் வாழை இலையும் வேண்டும். புரட்டாசியில் இறைச்சி விற்பனை சரியும். ஆயுத பூஜைக்குப் பொரி, கார்த்திகைக்கு அகல் விளக்கு, மார்கழியில் கோலப்பொடி, வெள்ளிக்கிழமை வெற்றிலை. இதை எந்தக் கணினியும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருவதில்லை. முதல் வருடம் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு மளிகை அனுப்பும் யோசனை புதிதல்ல. கணினி வழியே அனுப்பும் யோசனைகூட அப்படிப் புதிதல்ல. 1984இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயதுப் பெண்மணி, வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்த ஒரு கருவி மூலம் டெஸ்கோ கடைக்கு ஆர்டர் கொடுத்தார். மார்ஜரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை. வெளியே போக முடியாத முதியவர்களுக்காக அந்த ஊர் நிர்வாகம் செய்துபார்த்த ஏற்பாடு அது. மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர் 1979இல் உருவாக்கிய முறை அதற்கு அடிப்படை. பொருள் கடையிலிருந்தே போனது. பணம் வீட்டு வாசலில் ரொக்கமாக வாங்கப்பட்டது.

பிறகு பெரும் பணம் வந்தது, பெரும் வீழ்ச்சியும் வந்தது. அமெரிக்காவில் லூயிஸ் போர்டர்ஸ் 1996இல் தொடங்கிய வெப்வேன் நிறுவனம் 1999இல் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் மளிகை கொண்டுபோகத் தொடங்கியது. வாடிக்கையாளர் சொல்லும் அரைமணி நேரத்துக்குள் வண்டி வாசலுக்கு வரும் என்பது வாக்குறுதி. ஆர்டர்கள் சேரும்முன்பே, நகரும் பட்டைகள் ஓடும் பிரம்மாண்டமான தானியங்கிக் கிடங்குகளை நாடு முழுக்கக் கட்ட ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. கிடங்கு தயாராக இருந்தது, வாடிக்கையாளர் வரவில்லை. வந்தவர்களின் வீடுகளும் ஒன்றுக்கொன்று வெகுதூரம். 2001 ஜூலையில் நிறுவனம் திவாலாகி, ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் ஒரே வீச்சில் வேலை இழந்தார்கள். அங்கே வேலை பார்த்த மிக் மவுண்ட்ஸ், அலமாரிகளையே தூக்கிக்கொண்டு வரும் கிடங்கு ரோபோக்களைச் செய்யும் கிவா நிறுவனத்தைப் பிற்பாடு தொடங்கினார். 2012இல் அமேசான் அதை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. வெப்வேன் கட்டிய பள்ளிக்கூடத்துக்கான கட்டணத்தை முதலீட்டாளர்கள் செலுத்தினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவிலும் அதே 1999இல் பெங்களூரில் ஃபேப்மார்ட் என்ற இணையக் கடை பிறந்தது. அப்போது நம் ஊரில் இணைய இணைப்பு என்பதே தொலைபேசிக் கம்பியில் கிறீச்சிட்டு ஏறும் விஷயம். நிறுவனர்கள் பிழைக்கச் சாதாரணக் கடைகளைத் திறந்தார்கள். அவை கைமாறி ஆதித்ய பிர்லா குழுமத்திடம் போய்ச் சேர்ந்து, ‘மோர்’ கடைகளாயின. அந்தக் குழுவைச் சேர்ந்த ஹரி மேனன், வி.எஸ். சுதாகர், விபுல் பரேக் போன்றவர்களே 2011இல் திரும்பவும் களமிறங்கி பிக்பாஸ்கெட்டைத் தொடங்கினார்கள். வெப்வேன் போல முன்கூட்டியே மாளிகை கட்டவில்லை. இன்று ஆர்டர், நாளை டெலிவரி. வீட்டுக்காரர் தமக்கு வசதியான நேரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். வேனில் ஒரே நடையில் இருபது வீடு முடிக்கலாம் என்பதால் செலவு கட்டுப்பட்டது. 2021இல் அதன் பெரும்பான்மைப் பங்கை டாட்டா குழுமம் வாங்கியது.

கொரோனா வந்தபோது கணக்கெல்லாம் மாறியது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை நோய்த்தொற்றின் மையமாகி மூடப்பட, காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. செயலிகளில் டெலிவரி நேரம் கிடைப்பதே பெரும்பாடு. அதுவரை கைபேசியில் காய்கறி வாங்குவதைப் பற்றி யோசித்தே பாராத வீடுகளும் பழகிக்கொண்டன. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட்டைத் தொடங்கியது. 2021இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் படிப்பைக் கைவிட்டு வந்த ஆதித் பாலிச்சா, கைவல்ய வோரா என்ற இரு இளைஞர்கள் மும்பையில் செப்டோவைத் தொடங்கிப் பத்து நிமிடம் என்று அறிவித்தார்கள். 2013 முதல் மெதுவாக மளிகை கொண்டுபோய்க்கொண்டிருந்த குரோஃபர்ஸ், 2021 டிசம்பரில் பெயரையே பிளிங்கிட் என்று மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு, பிற்பாடு எட்டர்னல் என்று பெயர் மாறிய ஜொமேட்டோ அதை வாங்கியது.

வெளிநாட்டிலும் இதே காலத்தில் இதே பந்தயம் நடந்தது. துருக்கியின் இஸ்தான்புல்லில் 2015இல் தொடங்கிய கெட்டிர், 2022இல் 1,180 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனமாக ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் பரவியது. பெர்லினின் கோரில்லாஸ் நிறுவனத்தையும் விழுங்கியது. ஆம்ஸ்டர்டாம் நகராட்சி குடியிருப்புத் தெருக்களில் சத்தமும் நெரிசலும் தாங்கவில்லை என்று புதிய ஸ்டோர்களுக்குத் தடை போட்டது. 2024 ஏப்ரலில் கெட்டிர் மற்ற நாடுகளையெல்லாம் விட்டுவிட்டுத் துருக்கிக்கே திரும்பியது.

ஐரோப்பாவில் மூழ்கியது இங்கே எப்படி மிதக்கிறது? தொழில்நுட்பத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் இரண்டு இடங்களில். பெர்லினில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் நாலாயிரம் பேர் வசிக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய சென்னை மாவட்டத்தில் அந்த எண்ணிக்கை 26,000க்கும் மேல். ஒரு ஸ்டோரைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் வட்டம் போட்டால் இங்கே லட்சக்கணக்கானவர்கள் அடங்கிவிடுகிறார்கள். அடுத்தது கூலி. ஜெர்மனியில் ஒருவரை ஒரு மணி நேரம் வண்டி ஓட்டச்சொல்லிக் கொடுக்கும் பணத்தில் இங்கே ஒரு நாள் முழுக்க ஓட்டவைக்கலாம். பத்து நிமிட மளிகையை மென்பொருளின் சாதனையாக விளம்பரங்கள் காட்டுகின்றன. நெருக்கமான குடியிருப்பும் மலிவான உழைப்பும் இல்லாத ஊரில் அதே மென்பொருள் தோற்றுப்போனதைப் பற்றி அவை பேசுவதில்லை.

சரி, லாபம் வருகிறதா? பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டியாக வேண்டும் என்பதால் நாமும் எட்டிப் பார்க்கலாம். 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிளிங்கிட் வழியாக 7,798 கோடி ரூபாய்க்குப் பொருள்கள் ஆர்டராயின. சராசரி ஆர்டர் 707 ரூபாய். அப்படியென்றால் ஏறக்குறைய 11 கோடி ஆர்டர்கள். இதில் நிறுவனத்தின் கைக்கு வருமானமாக வந்தது 1,399 கோடி. ஓர் ஆர்டருக்குச் சுமார் 127 ரூபாய். கிடங்கு வாடகை, மின்சாரம், பிக்கர் சம்பளம், பை, வண்டிக்காரர் கூலி, கழிவு, விளம்பரம் எல்லாம் போக, அவர்கள் கணக்கிடும் முறைப்படி, 103 கோடி நஷ்டம். ஓர் ஆர்டருக்கு ஒன்பது ரூபாய் நஷ்டம். முந்தைய மூன்று மாதத்தில் நஷ்டம் 8 கோடி மட்டுமே. இடையில் 216 ஸ்டோர்களைப் புதிதாகச் சேர்த்து எண்ணிக்கையை 1,007 ஆக்கியதே வித்தியாசத்துக்குக் காரணம் என்று நிறுவனம் சொன்னது. இன்னொரு வகுத்தலும் செய்யலாம். ஒரு ஸ்டோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 1,300க்கு மேல் ஆர்டர்கள். புதிய ஸ்டோர் அந்த எண்ணிக்கையைத் தொடும்வரை வாடகையும் சம்பளமும் கையிலிருந்துதான் போகும்.

அந்த 127 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமானது. டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம், சிறிய ஆர்டர் கட்டணம், மழைநேரக் கட்டணம் என்று வாடிக்கையாளர் தந்தது ஒரு பகுதிதான். பெரும்பகுதி விற்பனையாளரிடமிருந்து வந்த கமிஷன். மூன்றாவது ஊற்றுதான் இனிப்பானது: விளம்பரம். ‘பிஸ்கட்’ என்று தேடினால் முதலில் தெரியும் பிஸ்கட், அந்த இடத்துக்குப் பணம் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கைபேசித் திரையில் முதலில் தெரியும் பொருள்களுக்குக் கீழே பலர் போவதில்லை. கடைத்தெருவில் மூலைக்கடைக்கு வாடகை அதிகம் என்பதை வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். இங்கே திரையின் மேல்பாதிதான் மூலைக்கடை.

தக்காளி நசுங்கி வந்தது என்று படம் எடுத்து அனுப்பினால் மறுபேச்சில்லாமல் பணம் திரும்பிவிடும் பெருந்தன்மைக்கும் ஒரு கணக்கு உண்டு. முப்பது ரூபாய்த் தக்காளியைத் திரும்ப எடுத்துவர ஆள் அனுப்பினால் அதைவிடக் கூடுதல் செலவு. அடிக்கடி படம் அனுப்புகிறவர்களை மென்பொருள் குறித்துவைத்துக்கொள்ளும்.

இன்னொரு சூட்சுமம் பில்லில் ஒளிந்திருக்கிறது. செயலியின் பெயர் ஒன்று, பில்லில் விற்பனையாளர் என்று அச்சாகியிருக்கும் பெயர் வேறு. வெளிநாட்டு முதலீடு பெரும்பான்மையாக உள்ள இணைய வணிக நிறுவனம் இந்தியாவில் தானே சரக்கு வாங்கி வைத்து விற்கக் கூடாது. விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் சந்தையாக மட்டுமே இருக்கலாம். 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விளக்கம் இந்த வேலியை இன்னும் இறுக்கியது. அதனால் அப்படிப்பட்ட நிறுவனத்தின் ஸ்டோரில் இருக்கும் சர்க்கரை சட்டப்படி யாரோ வேறொரு வியாபார நிறுவனத்துடையது. வேலியைத் தாண்ட இன்னொரு வழியும் உண்டு: இந்தியருக்குச் சொந்தமான நிறுவனமாகவே மாறிவிடுவது. எட்டர்னல் 2025 மே மாதம் வெளிநாட்டுப் பங்குகளுக்கு 49.5 சதவீத உச்சவரம்பு வைக்கப் பங்குதாரர்களின் ஒப்புதலைப் பெற்றது. சரக்கைத் தானே வாங்கி விற்றால் கமிஷனோடு நில்லாமல் லாபம் முழுவதும் கைக்கு வரும்.

விநியோகஸ்தர்களுக்கு வயிற்றெரிச்சல் இங்கேதான். சோப்பு, ஷாம்பூ கம்பெனிகளின் சரக்கை எடுத்துக் கடை கடையாகப் போடும் ஏஜென்சிக்காரர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு, இந்தச் செயலிகள் அடக்கவிலைக்கும் கீழே விற்றுச் சிறு கடைகளை ஒழிக்கின்றன என்று இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டிருக்கிறது. ஒரே ஆண்டில் இரண்டு லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டதாக அது 2024இல் சொன்னது. அது கூட்டமைப்பின் சொந்தக் கணிப்பு. ஆனால் குற்றச்சாட்டில் பொருளில்லாமல் இல்லை. முதலீட்டாளர் பணத்தில் நஷ்டத்துக்கு விற்க முடிந்தவரோடு, வட்டிக்கு வாங்கிச் சரக்கு போட்டவர் விலைப்போட்டி போட முடியாது.

சுத்தத்தைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன. 2025 ஜூன் தொடக்கத்தில் மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகம் மும்பை தாராவியில் செப்டோவின் ஸ்டோர் ஒன்றின் உணவு உரிமத்தை நிறுத்திவைத்தது. பூஞ்சை பிடித்த பொருள்கள், காலாவதியானவற்றைத் தனியே பிரிக்காமை, குளிர்பதனத்தில் குறை என்று ஆய்வாளர்கள் பட்டியலிட்டார்கள். உள் ஆய்வு தொடங்கியிருப்பதாக நிறுவனம் சொன்னது. வாடிக்கையாளர் உள்ளே போக முடியாத கடை என்பதன் மறுபக்கம் இது. அண்ணாச்சி கடையில் எலி ஓடினால் நம் கண்ணில் படும். இங்கே அரசு அதிகாரி போனால்தான் உண்டு.

இணையத்தில் உணவுப் பொருள் விற்பவர்களுக்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 இறுதியில் ஓர் அறிவுறுத்தல் கொடுத்தது. பொருள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அதன் ஆயுளில் குறைந்தது 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும். கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, கடைசித் திரையில் கட்டணத்தை ஏற்றுவது, ‘இன்னும் இரண்டுதான் இருக்கிறது’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது போன்ற திரைத்தந்திரங்களை 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. பணம் கட்டும் திரையை ஒரு விநாடி நின்று மேலிருந்து கீழாகப் படிப்பவர்களுக்கு அந்த வழிகாட்டுதல்கள் இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை என்பது தெரியும்.

இனி அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டர்.

வரைபடத்தில் எட்டு நிமிடம் என்பது சென்னையின் தெருவில் வேறு மாதிரி கழிகிறது. ‘பழைய எண் 14, புதிய எண் 31’ என்று எழுதப்பட்ட கதவுகளின் ஊர் இது. “அக்கா, லொக்கேஷன் காட்டுற எடத்துக்கு வந்துட்டேன், வீடு எந்தப் பக்கம்?” என்ற தொலைபேசி அழைப்பில் ஒரு நிமிடம். பெரிய அடுக்குமாடியென்றால் வாசலில் காவலாளியிடம் பதிவு, பிறகு லிஃப்ட்; சில இடங்களில் சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் போகலாம் என்று உத்தரவு. மழையில் பள்ளிக்கரணைப் பக்கம் முழங்கால் தண்ணீர். திரையில் ஓடும் கடிகாரத்தை வண்டிக்காரருக்குக் காட்டுவதில்லை, தாமதமானால் அபராதம் இல்லை என்கின்றன நிறுவனங்கள். வண்டிக்காரர்களின் கணக்கு வேறு. ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி. இத்தனை ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை. சீக்கிரம் திரும்பினால் அடுத்த ஆர்டர் கிடைக்கும். கடிகாரத்தைக் காட்டாவிட்டாலும் வயிறு காட்டும்.

வருமானம் பற்றியும் இரண்டு கணக்கு இருக்கிறது. ஜொமேட்டோவின் உணவு டெலிவரிக்காரர்கள் 2025இல் மணிக்குச் சராசரியாக 102 ரூபாய் சம்பாதித்தார்கள் என்று கோயல் சொன்னார். பத்து மணி நேரம், மாதம் 26 நாள் ஓட்டினால் பெட்ரோல், பராமரிப்பு போக ஏறத்தாழ 21,000 மிஞ்சும் என்பது அவர் கூற்று. இது சராசரி, சேமநல நிதியோ சம்பள விடுப்போ இல்லாத சராசரி. வண்டியும் கைபேசியும் ஓட்டுபவருடையவை. டெலிவரித் தொழிலாளர் சங்கங்கள் கேட்பது, ஆர்டருக்குக் கூலி என்பதை மாற்றிக் குறைந்தபட்ச வருமானத்துக்கு உத்தரவாதம் தரவேண்டும் என்று.

2025 டிசம்பர் 25ஆம் தேதியும் 31ஆம் தேதியும், செயலிகளுக்கு ஆர்டர் குவியும் நாள்களாகப் பார்த்து, சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தன. பத்து நிமிட வாக்குறுதியைக் கைவிட வேண்டும் என்பது கோரிக்கைகளில் ஒன்று. ஜனவரி நடுவில், மத்திய தொழிலாளர் அமைச்சர் நிறுவனங்களுடன் பேசியபின், பிளிங்கிட் தன் விளம்பர வரியிலிருந்து ‘பத்து நிமிடம்’ என்பதை எடுத்தது. அதன் ஸ்டோர்கள் இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. பை கட்ட ஆகும் நேரமும் மாறவில்லை. அதனால் பொருள் பெரும்பாலும் முன்பு வந்த நேரத்திலேயே வருகிறது. இருந்தாலும் பன்னிரண்டாவது நிமிடத்தில் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கும் நிலை ஒருவருக்காவது குறைந்திருக்கும்.

சட்டமும் மெதுவாக வருகிறது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம்வரை தொழிலாளர் நலனுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது அது. ராஜஸ்தானும் கர்நாடகமும் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2023இல் நல வாரியம் அமைந்தது. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் டெலிவரிக்காரர்களுக்கென்று குளிர்சாதன ஓய்வறையும் திறந்தது. மே மாத மதியத்தில் தார்ச்சாலையில் நிற்பவருக்கு அந்த அறை சட்டத்தொகுப்பைவிடக் கண்கூடான உதவி.

சென்னைக்கு அப்பால் இந்த முறை எவ்வளவு தூரம் போகும்? கோயம்புத்தூர், மதுரை போன்ற நகரங்களுக்குச் செயலிகள் வந்துவிட்டன. ஆனால் அந்த நாளொன்றுக்கு 1,300 ஆர்டர், அந்த 707 ரூபாய்ச் சராசரி என்ற இரண்டு எண்களையும் ஒரு நடுத்தர ஊரில் தேடிப்பாருங்கள். மாலையில் கடைத்தெருவுக்கு நடந்துபோவது அங்கே வேலை மட்டுமல்ல, பொழுதுபோக்கும்கூட. உழவர் சந்தையில் காய் காலையிலேயே கிடைக்கும், செயலியைவிடப் புதியதாக. பத்து ரூபாய்க்குக் கடுகும் ஐந்து ரூபாய்க்குக் கறிவேப்பிலையும் எந்த ஸ்டோரும் கட்டித்தராது. கணக்குநோட்டில் எழுதிவைத்து மாத முதல் வாரத்தில் வாங்கிக்கொள்ளவும் செய்யாது.

தெருமுனை மளிகைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பட்டியல் வாங்கிக்கொள்கிறார்கள், க்யூஆர் அட்டையில் பணம் வாங்குகிறார்கள், கடைப்பையனை டிவிஎஸ் 50இல் அனுப்புகிறார்கள். டெலிவரிக் கட்டணம் கிடையாது. பதினைந்து நிமிடத்தில் வரலாம், பையன் சாப்பிடப் போயிருந்தால் ஒரு மணி நேரமும் ஆகலாம். இரவு பத்து மணிக்கு மேல் ஷட்டர் இறங்கிவிடும். அந்த நேரத்தில் குழந்தைக்குப் பால் தீர்ந்துவிட்டால் பெரும்பாலானவர்களின் கை கைபேசிக்குத்தான் போகிறது.